ஹோல்ட் குடும்பமும் கொரியத் தத்தெடுப்பும்

வெளிநாட்டில் பிறந்த குழந்தையைத் தத்தெடுத்துத் தம் பிள்ளையாக வளர்க்கும் வழக்கம் அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வேரூன்றியது. அதற்கு முன் அமெரிக்கத் தத்தெடுப்பு ஊருக்குள் நடக்கும் காரியமாக இருந்தது. தத்து வந்தது வெளியே தெரியாதபடி, நிறத்திலும் முகச்சாயலிலும் சமயத்திலும் பெற்றோரோடு ஒத்துப்போகும் குழந்தையைத் தேடிக் கொடுப்பதே அன்றைய தத்தெடுப்பு நிறுவனங்களின் விதி. இந்த விதியை உடைத்து, கடல் கடந்து வேற்றினக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருவதை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர்கள் ஓரிகன் மாநிலத்தின் கிரெஸ்வெல் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதியர். ஒரு பண்ணை வீட்டின் ஜெபத்திலிருந்து பிறந்த முடிவு, பத்தாண்டுக்குள் இரு நாடுகளின் சட்டங்களை மாற்றியது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் தென்கொரிய அரசு மன்னிப்புக் கேட்கும் நிலைக்கும் அது கொண்டுபோய் விட்டது.

போர் விட்டுச்சென்ற குழந்தைகள்

1950 ஜூன் முதல் 1953 ஜூலை வரை நடந்த கொரியப் போர் அந்தத் தீபகற்பத்தின் நகரங்களைத் தரைமட்டமாக்கியது. பெற்றோரை இழந்தவை, நெரிசலில் கைதவறியவை, வறுமையால் காப்பக வாசலில் விடப்பட்டவை என லட்சக்கணக்கில் குழந்தைகள் தெருவில் நின்றன. 1950 டிசம்பரில் சீனப் படைகள் சியோலை நெருங்கியபோது, அமெரிக்க விமானப்படையின் போதகர் ரஸ்ஸல் பிளெய்ஸ்டெல் முயற்சியால் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் விமானங்களில் ஜேஜு தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காப்பகங்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் திருச்சபைகளும் படைவீரர்களும் அனுப்பிய பணத்தில் நடந்தன.

இவர்களுள் ஒரு பிரிவினரின் நிலை மேலும் கடினமாக இருந்தது. அமெரிக்க வீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த கலப்பினக் குழந்தைகள் அவர்கள். கொரியாவில் ஒருவரின் குடியுரிமை, பள்ளிச் சேர்க்கை, திருமணம் எல்லாமே தந்தைவழிக் குடும்பப் பதிவேட்டைச் சார்ந்திருந்தன. தந்தையின் பெயர் இல்லாத குழந்தைக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. இரத்த உறவையும் இனத் தூய்மையையும் பெரிதாகக் கொண்டாடிய சிங்மன் ரீ அரசு, இக்குழந்தைகளை அவர்களுடைய தந்தையரின் நாட்டுக்கே அனுப்புவதைத் தீர்வாகக் கண்டது. அதற்காகவே 1954இல் குழந்தைகளை வெளிநாட்டுக் குடும்பங்களில் சேர்க்கும் அரசு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது.

கிறிஸ்தவ உலகில் இத்தகைய முயற்சிக்கு முன்னோடிகளும் இருந்தனர். ஜப்பானில் சவாதா மிகி என்ற கிறிஸ்தவப் பெண்மணி, அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் பிறந்த கலப்பினக் குழந்தைகளுக்காக 1948இல் ஓயிசோவில் இல்லம் ஒன்றை நிறுவினார். சீனாவில் மிஷனரிப் பெற்றோரிடம் வளர்ந்த நாவலாசிரியர் பேர்ல் பக், எந்த நிறுவனமும் ஏற்காத ஆசியக் கலப்பினக் குழந்தைகளுக்காக 1949இல் 'வெல்கம் ஹவுஸ்' அமைப்பைத் தொடங்கினார். கலிபோர்னியாவில் மெதடிஸ்ட் போதகர் கார்ல் டாஸும் அவர் மனைவி ஹெலனும் பல இனப் பின்னணி கொண்ட பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். அந்த அனுபவத்தை ஹெலன் எழுதிய நூல் 1954இல் வெளியாகிப் பரவலாகப் படிக்கப்பட்டது. இம்முயற்சிகள் யாவும் சிறிய அளவிலேயே நின்றன.

கிரெஸ்வெல்லில் எடுத்த முடிவு

ஹாரி தெற்கு டகோட்டாவில் விவசாயம் செய்து, பொருளாதார மந்தத்தில் நொடித்து, 1937இல் குடும்பத்தோடு ஓரிகனுக்கு வந்தவர். மரம் அறுக்கும் தொழிலில் காலூன்றிச் செல்வம் சேர்த்தார். பெர்த்தா செவிலியர் பயிற்சி பெற்றவர். இவர்களுக்கு ஒரு மகன், ஐந்து மகள்கள். 1950இல் வந்த கடும் மாரடைப்பிலிருந்து பிழைத்த ஹாரி, மீதி ஆயுள் ஏதோ ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்டது என்று நம்பத் தொடங்கினார். வேதாகமத்தை எழுத்துப் பிசகாமல் நம்புவதும், எதையும் ஜெபித்தே தீர்மானிப்பதும் அந்த வீட்டின் நடைமுறை.

1954 டிசம்பரில் அருகிலுள்ள யூஜீன் நகரில், வேர்ல்ட் விஷன் அமைப்பின் நிறுவனர் பாப் பியர்ஸ் கொரியக் காப்பகங்களைப் பற்றிய படங்களைத் திரையிட்டார். குடும்பத்தோடு அவற்றைப் பார்த்த ஹோல்ட் தம்பதியர் முதலில் சில குழந்தைகளின் பராமரிப்புக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப ஒப்புக்கொண்டனர். ஆனால் திரையில் பார்த்த முகங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே யோசித்து வந்த எண்ணம் வெளிப்பட்டபோது, எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பது என்று முடிவாயிற்று. இருவரும் அப்போது ஐம்பது வயதை ஒட்டியிருந்தனர்.

சட்டம் குறுக்கே நின்றது. 1953ஆம் ஆண்டின் அகதிகள் நிவாரணச் சட்டம் அனாதைக் குழந்தைகளுக்கென 4,000 விசாக்களை ஒதுக்கியிருந்தாலும், ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழந்தைகளுக்கு மேல் அனுமதிக்கவில்லை. ஹாரி அனுமதிக்குக் காத்திருக்காமல் 1955 மே மாத இறுதியில் புறப்பட்டுவிட்டார். வழியில் டோக்கியோவில் ஐயம் மேலிட, ஓர் அடையாளம் கேட்டு ஜெபித்துவிட்டு வேதாகமத்தைத் திறந்ததாகவும், கிழக்கிலிருந்து சந்ததியைக் கொண்டுவருவதாகக் கடவுள் வாக்களிக்கும் ஏசாயா 43ஆம் அதிகாரம் விரல்பட்ட இடத்தில் இருந்ததாகவும் குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர். பெர்த்தா பின்னர் எழுதிய நூலின் தலைப்பும் அந்த வசனத்திலிருந்தே வந்தது.

ஹாரி கொரியாவில் காப்பகம் காப்பகமாக ஏறி இறங்கியபோது, பெர்த்தா ஊரில் இருந்தபடி ஆதரவு திரட்டினார். ஓரிகனின் செனட்டர் ரிச்சர்ட் நியூபர்கர் முன்னின்று, இந்த ஒரு குடும்பத்துக்காகவே தனி மசோதா கொண்டுவந்தார். அது அதே ஆண்டு நிறைவேறியது. அக்டோபர் 14 அன்று ஹாரி பன்னிரண்டு குழந்தைகளுடன் போர்ட்லாண்டில் வந்திறங்கினார். எட்டுப் பேர் அவருடைய குடும்பத்துக்கு, மற்றவர்கள் வேறு குடும்பங்களுக்கு. விமான நிலையத்தில் செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும் குவிந்திருந்தனர்.

பதினான்கு பிள்ளைகள் கொண்ட வீடு

வந்த எட்டுப் பேரும் கைக்குழந்தைகளும் மூன்று வயதையொட்டிய பிள்ளைகளுமாக இருந்தனர். ஒரே நாளில் ஆறு பிள்ளைகள் பதினான்கு ஆயினர். வேலைக்காரர் வைத்துச் சமாளிக்கும் வீடல்ல அது. குளிப்பாட்டுதல், துணி துவைத்தல், பாலூட்டுதல் எல்லாம் பெர்த்தாவுக்கும் வளர்ந்த மகள்களுக்கும் பங்கிடப்பட்டன. காப்பகக் குழந்தைகளிடம் சத்துக்குறைவும் வயிற்றுக் கோளாறும் தோல் நோயும் சாதாரணம். பெர்த்தாவின் செவிலியர் பயிற்சி இங்கே கைகொடுத்தது. குழந்தைகளுக்கு வேதாகமப் பெயர்களும் அமெரிக்கப் பெயர்களும் சூட்டப்பட்டன. காலை ஜெபம், சாப்பாட்டு ஜெபம், ஞாயிறு ஆராதனை என்ற வீட்டு ஒழுங்குக்குள் அவர்களும் வந்தனர்.

இத்தகைய வீடுகளுக்கு வந்த கொரியக் குழந்தைகள் முதலில் எதிர்கொண்ட மாற்றம் படுக்கையில் இருந்தது. கொரிய வீட்டில் அடியில் சூடேற்றப்பட்ட தரைதான் படுக்கை. குழந்தை தாயையோ பாட்டியையோ ஒட்டிப் படுக்கும், பகலில் முதுகில் கட்டித் தூக்கப்படும். அமெரிக்க வீட்டில் தனிக் கட்டில், பல நேரங்களில் தனி அறை. சோறும் கஞ்சியும் பழகிய வயிற்றுக்குப் பாலும் வெண்ணெயும் ஒத்துக்கொள்ளவில்லை. பேசத் தொடங்கியிருந்த குழந்தைகள் சில மாதங்களில் கொரிய மொழியை மறந்தன. அதை இழப்பாக அன்று யாரும் கருதவில்லை. ஆங்கிலம் வந்துவிட்டது என்று பெற்றோர் மகிழ்ந்தனர். மற்ற பிள்ளைகளிடமிருந்து வேறுபாடு காட்டாமல் வளர்ப்பதே அன்பின் அடையாளம் என்பது அக்காலத்தின் உறுதியான எண்ணம்.

இந்த எண்ணத்துக்குச் சமய அடித்தளமும் உண்டு. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு நிருபம் கூறுகிறது. விசுவாசிகள் அனைவருமே கடவுளால் புத்திரசுவிகாரம் பெற்றவர்கள் என்பது பவுல் நிருபங்களின் போதனை. ஆகவே தத்தெடுப்பது தருமமாக மட்டும் நிற்கவில்லை. நற்செய்தியைக் குடும்பத்துக்குள் நடத்திக்காட்டுவதாகவும் ஆயிற்று. வரலாற்றாசிரியர் அரிசா ஓ காட்டுவதுபோல, கிறிஸ்தவ விசுவாசமும் அமெரிக்க நாட்டுப்பற்றும் இதில் ஒன்றாகக் கலந்திருந்தன. பனிப்போர்க் காலத்தில் ஆசியக் குழந்தைக்கு அமெரிக்க வீட்டில் இடம் தருவது, கம்யூனிசத்தின் பிரசாரத்துக்குச் சொல்லும் பதிலாகவும் பார்க்கப்பட்டது.

பதிலாள் முறையும் அதன் எதிர்ப்பும்

பத்திரிகைச் செய்திகளைப் படித்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்களுக்கும் குழந்தை வேண்டுமென்று கிரெஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதின. 1956இல் ஹோல்ட் தத்தெடுப்புத் திட்டம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. ஹாரி மீண்டும் கொரியா சென்றார். செவிலியரான மகள் மாலியும் அந்த ஆண்டே போய்ச் சேர்ந்தார். தனி விமானங்களை வாடகைக்கு அமர்த்தி, இருக்கைகளின் வரிசையில் அட்டைப்பெட்டித் தொட்டில்களை அடுக்கி, குழந்தைகள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டன. செலவின் பெரும் பகுதியை ஹாரி தம் கைப்பணத்திலிருந்து போட்டார்.

விண்ணப்பிக்கும் பெற்றோரிடம் ஹோல்ட் கேட்ட முக்கியத் தகுதி, அவர்கள் இரட்சிக்கப்பட்ட கிறிஸ்தவர்களா என்பது. வருமானம், கல்வி, வயது ஆகியவற்றைத் துருவும் வழக்கமான நிறுவனங்களால் ஒதுக்கப்பட்ட பல விவசாயிகளும் தொழிலாளிகளும் இதனால் பெற்றோர் ஆனார்கள். சட்ட ஏற்பாடும் எளிமையானது. பெற்றோர் அமெரிக்காவில் இருந்தபடி ஹாரியின் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்புவார்கள். கொரிய நாட்டுச் சட்டப்படி அவர் அவர்களுக்குப் பதிலாளாக நின்று தத்தெடுப்பை முடிப்பார். குழந்தை அமெரிக்க மண்ணை மிதிக்கும்போதே சட்டப்படி அவர்களுடைய பிள்ளை. மாநில அரசின் இல்ல ஆய்வுக்கோ சோதனைக் காலத்துக்கோ இடமே இல்லை.

அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கமும் சர்வதேச சமூக சேவை அமைப்பும் இதைக் கடுமையாக எதிர்த்தன. குழந்தையைப் பார்க்காமலே பெற்றோர் ஆவதும், வளர்ப்பதற்கு உகந்தவர்களா என்று யாரும் விசாரிக்காததும் ஆபத்து என்பது அவர்கள் வாதம். வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகள், பொருந்தாமல் மீண்டும் கைமாறிய குழந்தைகள் என்று உதாரணங்களை எடுத்துக்காட்டினர். நோயுற்ற சில கைக்குழந்தைகள் பயணத்திலோ வந்து சேர்ந்த சில நாட்களிலோ இறந்ததும் கண்டனத்துக்கு உள்ளானது. இல்ல ஆய்வு நடந்து முடிவதற்குள் காப்பகத்தில் குழந்தை செத்துவிடும் என்பது ஹாரியின் பதில். கொரியக் காப்பகங்களின் அன்றைய இறப்பு நிலையைப் பார்த்தால் அந்தப் பதிலையும் எளிதில் தள்ள முடியாது. பேர்ல் பக் போன்றவர்கள் அவர் பக்கம் நின்றனர்.

இறுதியில் 1961இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டது. அனாதைக் குழந்தைகளுக்கான விசா நிரந்தர ஏற்பாடாக்கப்பட்டது; பதிலாள் முறைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. பெற்றோர் குழந்தையை நேரில் பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் தங்கள் மாநில விதிகளுக்கு உட்பட்டு மீண்டும் தத்தெடுக்க வேண்டும் என்றாயிற்று. அதே ஆண்டு தென்கொரியாவும் வெளிநாட்டார் தத்தெடுப்பதற்கான சிறப்புச் சட்டத்தை இயற்றியது. அவசர காலத்துக்கென்று வந்த வழி இரு நாடுகளிலும் நிரந்தரச் சாலையாயிற்று.

ஹாரிக்குப் பின்

வெளிநாடு அனுப்ப முடியாத ஊனமுற்ற குழந்தைகளுக்காகச் சியோலுக்கு வடமேற்கே இல்சானில் ஹாரி ஒரு மையம் அமைத்தார். 1964 ஏப்ரலில் கொரியாவிலேயே மாரடைப்பால் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அமைப்பைப் பெர்த்தா தொடர்ந்து நடத்தினார். படிப்படியாகப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் பொறுப்புக்கு வந்தனர். ஹாரியின் முதல் உதவியாளர்களுள் ஒருவரான டேவிட் கிம் பின்னாளில் அதன் தலைவரானார். 1966இல் பெர்த்தாவுக்கு 'ஆண்டின் சிறந்த அமெரிக்கத் தாய்' விருது கிடைத்தது. கொரிய உடை அணிந்து, 'ஹோல்ட் பாட்டி' என்று அழைக்கப்பட்டு, தொண்ணூற்றிரண்டு வயதில் முதியோர் பிரிவில் 400 மீட்டர் ஓடிச் சாதனை படைத்த அவர் 2000இல் மறைந்தார். இல்சானிலேயே தங்கி ஊனமுற்றவர்களோடு வாழ்ந்த மாலி 2019இல் காலமானார்.

அதற்குள் அனுப்பப்பட்ட குழந்தைகளின் பின்னணி முற்றிலும் மாறியிருந்தது. கலப்பினக் குழந்தைகளின் இடத்தை முழுக் கொரியக் குழந்தைகள் பிடித்தனர். போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. தொழில்மயமான நகரங்களின் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த இளம்பெண்கள் மணமாகாமல் பெற்ற குழந்தைகளே இப்போது பெரும்பான்மை. தனித்தாய்க்கு உதவித்தொகை தர அரசு முன்வரவில்லை; ஊரும் குடும்பமும் அவளை ஏற்கவில்லை. குழந்தைகள் அனுப்பும் தனியார் நிறுவனங்களுக்கோ ஒவ்வொரு தத்தும் வருமானம். 1985இல் மட்டும் 8,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு சென்றனர், நாளொன்றுக்குச் சராசரி 24 பேர். 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது, குழந்தைகளை ஏற்றுமதி செய்யும் நாடு என்று வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. அவமானப்பட்ட அரசு அதன்பின் எண்ணிக்கையைக் குறைக்கத் தொடங்கியது. அதுவரையும் அதற்குப் பிறகுமாக ஏறத்தாழ 2,00,000 கொரியக் குழந்தைகள் அமெரிக்காவுக்கும் சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்துள்ளனர்.

வளர்ந்த பிள்ளைகளின் குரல்

வேறுபாடு காட்டாமல் வளர்த்த வீட்டுக்கு வெளியே உலகம் வேறுபாடு காட்டியது. வெள்ளையர் மட்டுமே வாழும் சிற்றூரின் பள்ளியிலும் சபையிலும் ஒரே ஆசிய முகமாக வளர்ந்தவர்கள், கண்ணை இழுத்துக் காட்டும் கேலியை வீட்டில் சொல்லத் தயங்கினர். சொன்னாலும் பெற்றோருக்கு அது பிடிபடவில்லை. தத்தெடுப்பு ஆய்வு நிறுவனமொன்று 2009இல் வெளியிட்ட ஆய்வில், கேள்விகளுக்குப் பதிலளித்த கொரியத் தத்துப்பிள்ளைகளுள் 78 சதவீதத்தினர் சிறுவயதில் தங்களை வெள்ளையராக எண்ணியதாகவோ வெள்ளையராக விரும்பியதாகவோ கூறினர். 1970களிலிருந்து தாய்நாட்டுப் பயணங்களும், அடுத்த பத்தாண்டில் கோடைக்காலப் பண்பாட்டு முகாம்களும் ஏற்பாடாயின. பெற்றோரும் கிம்ச்சி செய்யவும் கொரியப் பெயரை நடுப்பெயராக வைத்துக்கொள்ளவும் கற்றனர். 1999இல் வாஷிங்டனில் தத்துப்பிள்ளைகளே கூட்டிய முதல் மாநாடு நடந்தது.

தாயைத் தேடிப் போனவர்கள் கண்டது வேறொரு சிக்கல். குழந்தைக்கு விசா கிடைக்க அது அனாதையாக இருக்க வேண்டும். எனவே பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகளுக்கும் நிறுவனங்கள் தனி ஆளாகப் புதிய குடும்பப் பதிவேடு எழுதி, தெருவில் கண்டெடுத்ததாகக் குறித்தன. ஆவணப்பட இயக்குநர் டியான் போர்ஷே லீம் இதற்குப் பலரறிந்த சாட்சி. 1966இல் எட்டு வயதில் கலிபோர்னியாவுக்கு வந்த அவர், சா ஜுங் ஹீ என்ற பெயரில் ஆவணங்கள் பெற்றிருந்தார். அந்தப் பெயருக்குரிய சிறுமியைத் தந்தை வந்து அழைத்துச் சென்றுவிட, வாக்களித்த குடும்பத்தை ஏமாற்ற விரும்பாத காப்பகம் காங் ஓக் ஜின் என்ற இவரை அந்தப் பெயரில் அனுப்பிவிட்டது. கொரியாவில் தாயும் உடன்பிறந்தோரும் இருந்தனர். வளர்ப்புப் பெற்றோருக்கு இது தெரியாது. இரு குடும்பங்களையும் சேர்த்து வைத்த அவருடைய படம் 2000இல் வெளியானது.

குடியுரிமையும் பலருக்குக் கைநழுவியது. தத்தெடுத்தாலே பிள்ளை அமெரிக்கர் ஆகிவிடும் என்று நம்பிய பெற்றோர் தனியாக விண்ணப்பிக்கவில்லை. 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் தத்துப்பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை தந்தாலும், அன்று 18 வயதைக் கடந்திருந்தவர்களை விட்டுவிட்டது. பின்னாளில் குற்ற வழக்கில் சிக்கிய சிலர், மொழியும் உறவும் தெரியாத கொரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

இன்றைய நிலை

அமெரிக்க சுவிசேஷ சபைகளில் தத்தெடுப்பு ஆர்வம் 2000களில் மீண்டும் பொங்கியது. இம்முறை குழந்தைகள் வந்தது சீனா, ரஷ்யா, குவாத்தமாலா, எத்தியோப்பியா முதலிய நாடுகளிலிருந்து. 2004இல் அமெரிக்காவுக்கு வந்த தத்துக் குழந்தைகள் ஏறத்தாழ 23,000. தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 2009இல் தத்தெடுப்பை ஊக்குவித்துத் தீர்மானம் இயற்றியது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் 33 குழந்தைகளை முறையான ஆவணமின்றி எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் கைதாயினர். அக்குழந்தைகளுள் பலருக்குப் பெற்றோர் இருந்தது பிறகு தெரியவந்தது. பிறந்த குடும்பத்திலும் பிறந்த நாட்டிலும் இடம் தேடிய பிறகே வெளிநாட்டுத் தத்து என்ற 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை நாடுகள் ஒவ்வொன்றாக ஏற்றன. பல நாடுகள் கதவையே மூடின. 2023இல் அமெரிக்காவின் எண்ணிக்கை 1,300க்கும் கீழே இறங்கியது.

தென்கொரியாவில் 1998இல் அதிபர் கிம் டே ஜுங் தத்துப்பிள்ளைகளை மாளிகைக்கு அழைத்து வருத்தம் தெரிவித்தார். 2012 முதல் ஒவ்வொரு தத்துக்கும் நீதிமன்ற அனுமதி கட்டாயமாயிற்று. பதினொரு நாடுகளிலிருந்து வந்த 367 முறையீடுகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2025 மார்ச்சில் முதற்கட்டமாக 56 பேரின் உரிமைகள் மீறப்பட்டதாக அறிவித்தது. பிறப்பு விவரங்களைத் திரித்ததும், தாயின் ஒப்புதலை ஒழுங்காகப் பெறாததும், நிறுவனங்களை அரசு கண்காணிக்கத் தவறியதும் அறிக்கையில் இடம்பெற்றன. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஹேக் உடன்படிக்கை கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. மறுநாள் அதிபர் லீ ஜே மியுங் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். எழுபது ஆண்டுகளாகத் தனியார் நிறுவனங்கள் நடத்திவந்த தத்தெடுப்புப் பணி இப்போது அந்நாட்டில் அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ளது.